டோல்கேட் அக்கா தங்கைகளுக்கு: கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

டோல்கேட்டிலும் காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் தெருக்களிலும் இருக்கிற, பிள்ளை பெற்றது போதும் என்று முடித்துவிட்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு இருபதுகளிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்குக் குறையாமல் மாதவிலக்கு வரும். கர்ப்பமாக இருந்தபோது மாதா மாதம் எடை பார்த்து, ரத்தம் எடுத்து, அட்டையில் எழுதிக்கொடுத்தவர்கள், அந்த இருபது வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை. நாமும் கேட்பதில்லை.

அந்த வருடங்களில்தான் பெரும்பாடு வருகிறது. முப்பத்தைந்தைத் தாண்டியதும் மூன்று நாள் என்பது எட்டு நாள், பத்து நாள் ஆகிறது. கட்டி கட்டியாகப் போகிறது. ஷேர் ஆட்டோ சீட்டில் பிளாஸ்டிக் கவரை விரித்து அதன்மேல் உட்கார்ந்து வருகிற ஓர் அக்காவை எனக்குத் தெரியும். விடியும் முன்பே காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீனை அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்பவர் அவர். மாதத்தில் அந்த ஒரு வாரம் கறுப்புப் பாவாடை, இரண்டு பேடு, அதற்குமேல் மடித்த பழைய துணி. வழியில் மாற்ற இடம் கிடையாது. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். கழிப்பறை இருக்கும், சூப்பர்வைசரிடம் இரண்டு தடவைக்கு மேல் கேட்டுவிட்டுப் போக முடியாது.

கேட்டால், "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு, நிக்கிற வயசு வந்தா நின்னுடும்" என்கிறோம். பத்து வருடம் இப்படித் தாங்குகிறோம். பிறகு ஒரு நாள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், முதல் நாளே "கர்ப்பப்பையை எடுத்துடலாம், இனிமே உங்களுக்கு அது எதுக்கு?" என்று ஒருவர் சொல்ல, உடனே தலையாட்டிவிடுகிறோம். பத்து வருடம் பொறுத்ததும் தவறு, பத்து நிமிடத்தில் முடிவெடுத்ததும் தவறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதற்காகத்தான் இந்த மடல்.

எது அதிகம் என்று முதலில் பார்ப்போம். ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவ நூல்கள் வெகுகாலமாகக் கணக்கு வைத்திருக்கின்றன. வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது. அதனால் இப்படிப் பாருங்கள்: ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு பேடு முழுக்க நனைகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் வேலையையும் நிம்மதியையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அதுவே அதிகம்தான், மில்லிக் கணக்கு தேவையில்லை என்பதுதான் இன்றைக்கு டாக்டர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிற அளவுகோல்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 7, 8 என்று வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கி, சமைத்து, வேலைக்கும் போய் வருகிற பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று வீட்டில் திட்டும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியதால்தான் இப்படிப் போகிறது என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இதை அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 9,514 பெண்களையும், கணவர் ஆபரேஷன் செய்துகொண்டதால் தாங்கள் செய்யாத 573 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழாயைக் கட்டியதால் உதிரப்போக்கு கூடவில்லை. காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பலவாக இருக்கலாம். கர்ப்பப்பைக்குள் தொங்கும் சிறு சதை வளர்ச்சி, ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடித்து வலியோடு ரத்தம் போக்கும் அடினோமயோசிஸ், தைராய்டு கோளாறு, முட்டை சரியாக வெளிவராமல் உட்சவ்வு தடித்துப்போவது, ரத்தம் உறைவதில் பிறவிக் குறை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை. சிலருக்குப் புற்றுநோய். பிரசவத்தோடு போட்ட காப்பர்-டி காரணமாகவும் ரத்தப்போக்கு கூடும். எங்கள் தெருவில் ஒரு தங்கைக்கு முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று கூட்டிப்போனோம். அவர் செய்த முதல் வேலை, உள்ளே வருடக்கணக்கில் கிடந்த காப்பர்-டியை எடுத்தது. இரண்டு மாதத்தில் பழையபடி ஐந்து நாள் ஆகிவிட்டது. எல்லாருக்கும் இப்படி எளிதாக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பதற்கு அவள் சாட்சி.

எனவே ஆபரேஷன் பேச்சுக்கு முன் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன் பார்த்தாக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், உடல் பருமன், சர்க்கரை உள்ளவர்களுக்கும், மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் உட்சவ்விலிருந்து துளி எடுத்துப் பார்க்கும் பயாப்சி முக்கியம். மெல்லிய குழாயை விட்டு ஓ.பி.யிலேயே எடுத்துவிடலாம். "சுத்தம் பண்றது" என்று நாம் சொல்கிற டி அண்ட் சி சோதனைக்கு உதவும். அவசரத்துக்கு ரத்தத்தையும் நிறுத்தும். ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் பழையபடி போகத் தொடங்கும். அதைத் தீர்வு என்று நம்பி வருடத்துக்கு ஒரு தடவை செய்துகொள்கிறவர்கள் இனி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருந்தால் எவ்வளவு முடியும் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையைப் போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் சாப்பிட்டால் ஏறக்குறைய பாதி குறையும். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள் தொடக் கூடாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சென்ட்க்ரோமன் மாத்திரை ஹார்மோன் இல்லாதது. சஹேலி என்ற பெயரில் கடையிலும், சாயா என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவும் கிடைக்கும். கருத்தடைக்காக வந்த மாத்திரை என்றாலும் பெரும்பாட்டுக்கும் டாக்டர்கள் தருகிறார்கள். இவற்றைவிட வலுவானது ஹார்மோன் காயில். காப்பர்-டி மாதிரியே உள்ளே வைப்பார்கள், வேலை நேர் எதிர். உட்சவ்வை மெலிய வைத்து ரத்தத்தை 70 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். முதல் மூன்று, நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் போகும். அதில் பயந்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஃபின்லாந்தில் 236 பெண்களுக்குக் காயிலா, கர்ப்பப்பை எடுப்பதா என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்துக் காயில் கூட்டத்தில் 42 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே போயிருந்தார்கள். மற்றவர்கள் ஆபரேஷன் இல்லாமலே தப்பித்திருந்தார்கள். மனநிறைவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி ஆபரேஷன்கள்.

சதை வளர்ச்சியோ, கர்ப்பப்பையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு நார்க்கட்டியோ இருந்தால், பிறப்புறுப்பு வழியாகக் கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டு அதை மட்டும் எடுத்துவிடலாம். ஹிஸ்டெரோஸ்கோபி என்பார்கள். வயிற்றில் தையலே கிடையாது. காலையில் போனால் பெரும்பாலும் மாலையில் வீடு திரும்பலாம். கர்ப்பப்பை உங்களுடனே இருக்கும். ஸ்கேனில் கட்டி என்று எழுதியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வெளிப்பக்கம் இருக்கிற கட்டி பல நேரம் ரத்தப்போக்கோடு சம்பந்தமே இல்லாமல் சும்மா கிடக்கும். மாதவிலக்கு நின்றதும் அதுவே சுருங்கியும் போகும். கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே புற்றுநோய் என்று நடுங்குகிறோம். நார்க்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. அந்தப் பயத்தை மூலதனமாக்கி ஆபரேஷன் தேதி குறிப்பவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, உட்சவ்வைச் சுட்டு அழிப்பது. எண்டோமெட்ரியல் அப்லேஷன் என்று பெயர். வெந்நீர் நிரம்பிய பலூன் அல்லது ரேடியோ அலை வழியாகச் சூடு கொடுத்து, மாதாமாதம் உதிர்கிற அந்த உள்ளடுக்கைப் பொசுக்கிவிடுவார்கள். சிகிச்சைக்குச் சில நிமிடங்கள்தான். இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போகலாம். சிலருக்கு மாதவிலக்கு அடியோடு நிற்கும், பலருக்கு வெகுவாகக் குறையும். பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு மட்டுமே இது. செய்த பிறகு கரு தங்கினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. இதுவே கருத்தடையும் ஆகாது. அதனால் குடும்பக் கட்டுப்பாடு ஏற்கெனவே முடித்துவிட்ட நமக்குப் பொருந்திவருகிற சிகிச்சை. ஆனாலும் நம் பக்கத்தில் இதன் பெயரைச் சொல்லக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கர்ப்பப்பை பெரிதாக வீங்கியிருந்தாலோ, பயாப்சியில் கோளாறு இருந்தாலோ செய்யக் கூடாது. நாற்பத்தைந்துக்குக் கீழே செய்துகொண்டால் சில வருடத்தில் மறுபடி போக்கு தொடங்கி வேறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். இதையும் டாக்டர் சொல்லியாக வேண்டும்.

நார்க்கட்டிகள் பெரிதாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக நுழைந்து கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிடுவது. இதை ரேடியாலஜி டாக்டர்கள் செய்கிறார்கள். கட்டி பட்டினி கிடந்து சுருங்கும். முதல் சில நாள் வலி கடுமையாக இருக்கும், பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் வசதி உண்டு.

கடைசிப் படி கர்ப்பப்பையை எடுப்பது. மாதவிலக்கு நிச்சயமாக, நிரந்தரமாக நின்றுபோகும் ஒரே வழி இதுதான். இதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2019இல் பிரிட்டனின் 31 ஆஸ்பத்திரிகளில் 660 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. சிறு துளைகள் வழியாகக் கர்ப்பப்பையின் மேல்பகுதியை எடுத்துக்கொண்டவர்களில் 97 சதவீதம் பேர் 15 மாதம் கழித்து நிறைவாக இருந்தார்கள். உட்சவ்வைச் சுட்டுக்கொண்டவர்களில் 87 சதவீதம். புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படாத போக்கு, தாங்க முடியாத வலி, பெரிய கட்டிகள் என்றிருப்பவர்கள் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். எடுத்துவிட்டால் பெண்மை போய்விடும், புருஷன் ஒதுக்கிவிடுவான் என்று பேசுகிற வாய்களுக்குப் பயந்து ரத்தம் இழக்க வேண்டாம். புண் ஆறியதும் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை, வலியும் பயமும் போனதால் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களும் நிறைய.

ஆனால் எப்படி எடுக்கிறார்கள், எதை எதை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாகவோ, லேப்ராஸ்கோபியிலோ எடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் தேறலாம். வயிற்றைக் கிழித்தால் ஆறு முதல் எட்டு வாரம். நமக்கு இது பெரிய விஷயம். இரண்டாம் மாடிக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பதும் மீன்கூடை தூக்குவதும் அதுவரை கூடாது. அந்த இரண்டு மாதம் யார் தண்ணீர் தூக்குவது, வருமானத்துக்கு என்ன வழி என்று வீட்டு ஆண்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு அட்மிட் ஆகுங்கள். மூன்றாம் வாரமே கூடையைத் தூக்கித் தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்கள் நம்மிடையே உண்டு.

எதை எடுக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். "கர்ப்பப்பையோடு சேர்த்து சினைப்பையையும் எடுத்துட்டா பிற்காலத்தில் கேன்சர் வராது" என்பார்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு நல்ல நிலையில் உள்ள இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். உடல் எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதய நோய் எல்லாம் முன்கூட்டியே வரும் ஆபத்து கூடும். கோளாறில்லாத சினைப்பையை விட்டுவையுங்கள் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருந்தால் அதற்கான புற்றுநோய்ச் சோதனையைத் தொடர வேண்டும். எடுத்த உறுப்பின் பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் டிஸ்சார்ஜ் கணக்கை முடிக்காதீர்கள்.

நான் இவ்வளவு தூரம் எச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் கர்ப்பப்பையை இழந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் இந்த அதிக உதிரப்போக்கும் வலியும்தான். பெரும்பாலான ஆபரேஷன்கள் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்திருக்கின்றன. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு எட்டுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் மாதவிலக்கால் கூலி போய்விடும் என்று இளம் வயதிலேயே எடுத்துக்கொண்டது 2019இல் நாட்டையே உலுக்கியது. ராஜஸ்தானிலும் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். 40 வயதுக்குக் கீழ் நடக்கும் ஆபரேஷன்களைத் தனிக் கவனத்தோடு கண்காணிக்கச் சொல்கின்றன அந்த வழிகாட்டுதல்கள்.

இன்னொரு வழக்கை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1995இல் டெல்லியில், 44 வயதுப் பெண் ஒருவர் நிற்காத உதிரப்போக்குக்காக டாக்டரிடம் போனார். உள்ளே கேமரா விட்டுச் சோதிப்பதற்கு மட்டும் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கத் தகுதியுள்ள வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. நம் ஊரில் இன்றைக்கும் படிவத்தை நேராகப் புருஷனிடம் நீட்டுகிறார்கள். அவர் கூட நிற்கட்டும், தைரியம் சொல்லட்டும். கையெழுத்து உங்களுடையது.

எங்கே போவது? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியைப் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அங்கே பெண்கள் நோய்ப் பிரிவும் உண்டு. எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரிக்கு டோல்கேட்டிலேயே மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதி என்பதை அந்தந்த ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். அட்டையில் பணம் இருக்கிறது என்பதற்காக ஓர் உறுப்பைக் கொடுக்க வேண்டியதில்லை.

மகளிர் குழுத் தலைவிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் பதினைந்து நிமிடம் இதைப் பேசுங்கள். ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள் என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் துணைக்கு ஒருவர் போய் நான்கு கேள்வி கேட்டு வாருங்கள்: காரணம் என்ன, பயாப்சி பார்த்தாயிற்றா, இதைவிடச் சிறிய சிகிச்சை என்ன உண்டு, சினைப்பையை ஏன் எடுக்க வேண்டும்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

மாதவிலக்கு முழுதாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அதில் தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் இந்த மாதத்திலிருந்து காலண்டரில் குறியுங்கள். எத்தனை நாள் போனது, ஒரு நாளைக்கு எத்தனை பேடு, கட்டி விழுந்ததா என்று மூன்று மாதம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால், பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். இலவசம்தான், இந்த வாரமே போங்கள்.

அன்புடன்,
டோல்கேட்டில் வாழும் உங்களில் ஒருத்தி